ஓலையில் வாசித்த பேர்

காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வெளிக்கிட்டு, பஸ்ஸுக்குள் வைத்து அதைக் கைலேஞ்சியால் துடைத்துவிடுகிற ஆள் ரொறன்ரோ மல்வேர்னில் ஒருத்தன்தான் இருந்திருப்பான். அவன் பெயர் சண்முகலிங்கம். துடைத்துவிட்டு பஸ்ஸால் இறங்கினால் அவன் அல்பேட். பின்னேரம் திரும்பி வரும்வரைக்கும் அல்பேட்தான்.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, அகதிக் கேஸ் கொடுத்தவர்களைக் கேஸ் முடியும்வரை வேலை செய்ய விடமாட்டோம் என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம். கேஸோ இன்றைக்கு நாளைக்கு முடிகிற கேஸ் இல்லை. எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் வீட்டுக்கு அடியில் பேஸ்மென்றில் குந்தியிருந்து சுவரைப் பார்ப்பான்? அதே பேஸ்மென்றில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த யாழ்ப்பாணத்துக் குருநகர் அல்பேட்டுக்கு எல்லாப் பேப்பரும் சரி. அவன் மொன்றியலுக்கு மாறிப் போகிறபோது தன்னுடைய சின் காட்டை, அதுதான் இந்த நாட்டில் வேலைக்குச் சேருகிறவன் காட்டவேண்டிய நம்பர் காட்டை, சண்முகலிங்கத்தின் கையில் வைத்தான்.

"இந்தாடாப்பா, என்ர பேரில போய் வேலை செய். எனக்கு அங்க ரெஸ்ரோரன்ற்காரன் கையிலதான் காசு தருவான், காட் தேவையில்லை. ஆரும் கேட்டால் நான் சூசையின்ர மகன் அல்பேட், குருநகர், இன்னும் கலியாணம் கட்டேல்லை எண்டு சொல்லு. அவ்வளவு காணும்."

நம்முடைய ஆட்களுக்கு அது களவாகவே படவில்லை, பாருங்கள். குளிருக்கு ஜக்கெற் இரவல் கொடுக்கிற மாதிரி ஒரு உதவி, அவ்வளவுதான். சண்முகலிங்கம் கோழிக்கறி காய்ச்சிக் கொடுத்து அவனை வழியனுப்பினான். கனடாச் சட்டத்தில் இதற்கு ஆள்மாறாட்டம் என்று பேர், பிடித்துச் சிறையில், மறியலில் போடலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பார்கள்.

டப்பா மூடி செய்கிற பக்ரறியில் வேலை கிடைத்தது. மானேஜர் அல்பேட் என்று கூப்பிட்டான். மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற ஜமேக்காக்காரன் அல்பேட் என்று கூப்பிட்டான். பேஸ்மென்றில் மற்ற மூன்று பேரும் இரவு ஷிப்ட். இவன் வரும்போது அவர்கள் போயிருப்பார்கள், அவர்கள் வரும்போது இவன் போயிருப்பான். கோயிலுக்குப் போகலாம் என்றால், அல்பேட் என்பது கிறிஸ்தவப் பேர்; பக்ரறி ஆட்கள் யாராவது கண்டு, "என்ன அல்பேட், வேதக்காரன் இஞ்ச நிக்கிறீர்?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதையும் விட்டான். அடுத்த வீட்டு நாய்க்குக்கூட யாரோ பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. சண்முகலிங்கம் என்று கூப்பிட இந்தப் பெரிய ரொறன்ரோவில் ஒரு சீவன் இல்லை. ஒருநாள் குளிக்கிறபோது தன் பேரைத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்தான். வெட்கமாக இருந்தது.

அப்படியிருந்தவனுக்குக் கிறிஸ்ரினா வந்து வாய்த்தாள். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. மூடிகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அக்கா பேபியின் வீட்டில் இருந்தாள். "அல்பேட் அண்ணை, நீங்களும் எங்கட சமயமாம், ஏன் பூசைக்கு வாறேல்லை?" என்றுதான் கதையைத் தொடங்கினாள். இவன் தலையை ஆட்டினான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளைக்காரருடைய தேவாலயம் ஒன்றை இரவல் வாங்கித் தமிழ்ப் பூசை வைப்பார்கள். அங்கே அவள் எழும்ப எழும்பினான், முழங்காலில் நிற்க நின்றான், நெஞ்சில் கைவைக்க வைத்தான். நன்மை, அதுதான் பாதர் கொடுக்கிற அப்பம், வாங்க எல்லோரும் வரிசையில் போனபோது மட்டும் போகாமல் இருந்துவிட்டான். அது கடவுளையே ஏமாற்றிப் பேய்க்காட்டுகிற வேலை என்று பயந்தான். மனுஷரைப் பேய்க்காட்டலாமாம், பாருங்கள் அவனுடைய நியாயத்தை! "பாவசங்கீர்த்தனம் செய்யேல்லையோ? நல்ல மனுஷன்" என்று, பாவத்தைப் பாதரிடம் சொல்லாமல் நன்மை வாங்காத ஆள் என்று, கிறிஸ்ரினா அதற்கும் ஒரு புள்ளி போட்டாள்.

மாரி, இங்கே அது ஸ்னோக் காலம், வருவதற்குள் "அல்பேட் அண்ணை" என்பதில் அண்ணை கழன்றுவிட்டது. சாப்பாட்டுப் பெட்டியில் இவனுக்கும் ஒரு பங்கு வரத் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நாலைந்து மாதம் சண்முகலிங்கம் சந்தோஷமாக இருந்தான். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பான். சொன்னால் இந்தச் சிரிப்புப் போய்விடும் என்று பயந்து, நாளைக்குத் தள்ளுவான்.

அக்கா பேபி கலியாணக் கதையை எடுத்தபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதர் ஞானஸ்நானக் கடிதம் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் எடுக்கப் பாதை இல்லை என்று பாதரே தானாகச் சொல்லி அவனைக் காப்பாற்றிவிட்டார். மிச்சம் இருந்தது ஓலை. வேதக்காரருக்குக் கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பேரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். முதல் ஞாயிறு "குருநகர் சூசையின் மகன் அல்பேட்" என்று பாதர் வாசித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிறிஸ்ரினா குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அல்பேட்டுக்குத்தானே போகிறது என்று சண்முகலிங்கத்துக்கு நெஞ்சு எரிந்தது. அடுத்த ஞாயிறு முடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டான்.

அடுத்த ஞாயிறு பாதர் பேரை வாசித்து வாய் மூடவில்லை, பின்வரிசை வாங்குப் பலகையிலிருந்து பிலோமினா அன்ரி எழும்பினாள். குருநகர் மனுஷி, கனடாவுக்கு வந்து கொஞ்ச நாள்தான். குரலும் குருநகர்க் குரல், மைக் தேவையில்லை.

"பாதர், தடை இருக்கு! சூசையின்ர மகன் அல்பேட்டுக்கு ஊரில பெண்சாதியும் ரெண்டு பிள்ளையளும் இருக்கினம். பிள்ளையளின்ர ஞானஸ்நானத்துக்கு நான் போனனான்." பிறகு முன்னுக்கு நடந்து வந்து சண்முகலிங்கத்தின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஐயோ மாதாவே, உவர் அல்பேட்டே இல்லை! ஆர் நீர்?"

கலியாணம் கட்டாதவன் என்று அல்பேட் சொன்னது சுத்தப் பொய் என்று சண்முகலிங்கத்துக்கு அப்போதுதான் தெரியும். கிறிஸ்ரினா இவன் பக்கம் திரும்பினாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில். ஏதாவது சொல்லுங்கோ என்று கெஞ்சுகிற முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆம்பிளை என்ன செய்யவேண்டும்? இவன் எழும்பி ஓடினான். வெளியே ஸ்னோ கொட்டியது. கோட்டையும் விட்டுவிட்டு, பஸ் வரும்வரை ஷேர்ட்டோடு நின்று நடுங்கினான். நல்லா நடுங்கட்டும் என்றுதான் எனக்கு வருகிறது.

பேபியின் புருஷன் பொலிசுக்குச் சொன்னான். பக்ரறியில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். மொன்றியலில் விசாரித்தபோது உண்மையான அல்பேட், "காட் துலைஞ்சு போச்சு, ஆர் எடுத்தவையோ தெரியாது" என்று கையை விரித்துவிட்டான். பிணையில் விடும்போது நிபந்தனை போட்டார்கள்: பக்ரறிப் பக்கம் போகக்கூடாது, அந்தப் பூசைக்குப் போகக்கூடாது, சாட்சியான கிறிஸ்ரினாவோடு எந்த விதத்திலும் கதைக்கக்கூடாது. மன்னிப்புக் கேட்க ஒரு போன் எடுத்தாலும் மறியல்.

அந்த மாரி அவனுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கட்டிலில் இருப்பான், எழும்பித் தேத்தண்ணி வைப்பான், திரும்பவும் கட்டிலில் இருப்பான். வாரத்தில் ஒருக்கால் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஒரு ஆள் இருந்தார்: இலவச லோயருக்கு மொழிபெயர்க்க வருகிற ஜெயரட்ணம். ஊரில் போஸ்ற்மாஸ்ராக இருந்தவர். லோயர் ஒரு வசனம் சொன்னால் இவர் இரண்டு சொல்லுவார்.

"சண்முகலிங்கம், லோயர் சொல்லுறார், குற்றத்தை ஒப்புக்கொள்ளாதையும். வழக்கை நடத்துவம். அது இழுபடுறதுக்குள்ள உம்மட அகதிக் கேஸ் முடிஞ்சிடும். இப்ப ஒப்புக்கொண்டால் அந்தக் கேஸிலயும் மண் விழும், திருப்பியும் அனுப்புவாங்கள். வழக்கு நடந்தால் அந்தப் பிள்ளை வந்து சாட்சி சொல்லவேணும். அதைப் பாத்துக்கொண்டு இரும், நல்லாய் உறைக்கட்டும். கடைசி வசனம் லோயர் சொல்லேல்லை, நான் சொன்னது."

வழக்கை நடத்துவோம் என்று சண்முகலிங்கம் உடனே சொன்னான். கேஸுக்காக இல்லை. வழக்கு நடந்தால் கிறிஸ்ரினா வருவாள். ஒரே அறைக்குள் அவளைப் பார்க்கலாம். அதற்காகவே நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த நாளும் வந்தது. எக்ளிங்டன் தெருக் கோர்ட்டில், அறைக்கு வெளியே வாங்கில் கிறிஸ்ரினா இருந்தாள். பக்கத்தில் பேபி. சாட்சிகளை அவர்கள் முறை வரும்வரை உள்ளே விடமாட்டார்கள். மெலிந்துபோயிருந்தாள். செபமாலையைக் கையில் சுற்றி இறுக்கியிருந்தாள். எதிர் வாங்கில் பக்ரறி மானேஜர், பூசைக்கு வருகிற இரண்டு மூன்று சனம். இந்தச் சனத்துக்கு முன்னால் கூண்டில் ஏறி, ஓம், இவரைத்தான் நான் கட்ட இருந்தனான், இவர் பேர்கூட எனக்குத் தெரியாது என்று அவள் சொல்லவேண்டும். இத்தனை நாளும் தன் கண் அவளைக் காண்பதை மட்டும் கணக்குப் பார்த்தவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணை," என்றான் ஜெயரட்ணத்திடம். "லோயரிட்டச் சொல்லுங்கோ. நான் ஒப்புக்கொள்ளுறன்."

"உமக்கென்ன விசரோ? திருப்பி அனுப்புவாங்களடாப்பா!"

"அந்தப் பிள்ளை உள்ள வரக்கூடாது. சொல்லுங்கோ அண்ணை."

உள்ளே கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. சண்முகலிங்கம் என்பது உமது பேரா? ஓம். அல்பேட் என்று நடித்து வேலை பெற்றீரா? ஓம். அந்தப் பேரிலேயே ஒரு பெண்ணைத் திருமணம் செய்ய ஒழுங்கு செய்தீரா? ஓம். மூன்று ஓமும் தெளிவாகச் சொன்னான். மறியல் இல்லை, இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. கிறிஸ்ரினாவோடு கதைக்கக்கூடாது என்கிற நிபந்தனை அந்த இரண்டு வருஷத்துக்கும் தொடரும், மீறினால் உள்ளே, விளங்குகிறதா என்று நீதிபதி கேட்டார். அதற்கும் ஓம் என்றான். அவளை வெட்கப்படாமல் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு சின்ன ஆறுதல் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆம்பிளை வேலை ஒன்று செய்த நினைப்பு.

வெளியே வந்தபோது கிறிஸ்ரினா வாசலிலேயே நின்றாள். இனிச் சாட்சி தேவையில்லை, போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். பேபி கையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை.

"எல்லாத்தையும் உள்ள வைச்சுச் சொல்லிப்போட்டியளாம்," என்றாள். "அதைக் கேக்கத்தானே நான் வந்தனான். சாட்சி சொல்லவோ வந்தனான்? நீங்கள் ஆர் எண்டு உங்கட வாயால ஒருக்கால் கேக்க, வேலைக்கு லீவு போட்டிட்டு விடியவே வந்து இருக்கிறன். அதையும் என்னை வெளியில விட்டிட்டு ஆருக்கோ சொல்லிப்போட்டு வாறியள்."

சண்முகலிங்கம் அவள் பக்கம் ஒரு அடி வைத்தான். ஜெயரட்ணம் முழங்கையை நசித்தார். "வாயைத் திறவாதையும். அங்க பொலிஸ் நிக்குது. இப்பதானே ஓம் எண்டனீர்." பொலிஸ்காரன் நாலடி தள்ளிக் கோப்பி குடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு முறை இதே முகத்துக்கு முன்னால் இவன் ஓடியிருக்கிறான்.

"என்ர பேர் சண்முகலிங்கம்," என்றான். "ஊர் வேலணை. சைவம். கலியாணம் கட்டேல்லை. அல்பேட்டுக்குப் பெண்சாதி இருக்கிறது எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரிஞ்சுதான் செய்தனான். உங்களோட கதைச்சது, சிரிச்சது, உங்கட சோத்தைத் திண்டது எல்லாம் நான்தான். அல்பேட் இல்லை."

ஜெயரட்ணம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பொலிஸ்காரன் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான். என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்கிற மாதிரிப் பார்த்தான்.

கிறிஸ்ரினா கேட்டு முடித்தாள். சால்வையை எடுத்துத் தலையில் போட்டாள். பொலிஸ்காரனைப் பார்த்து இங்கிலிஷில், ஒன்றும் இல்லை, பஸ் எங்கே நிற்கும் என்று இந்த ஆளிடம் கேட்டேன் என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பியை எடுத்தான்.

பிறகு அவள் சண்முகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"சரி," என்றாள். "போயிட்டு வாங்கோ."

பேர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று அவன் நின்றான். கதவு திறந்து மூடியது. கண்ணாடிக்கு வெளியே அக்காவும் தங்கையும் காருக்குப் போவது தெரிந்தது.

"வாருமடாப்பா," என்றார் ஜெயரட்ணம். "அவையள் போயிட்டினம்."