கிழக்கு நீரோட்டம்

கடலே இல்லாத கண்டியில் இருந்துகொண்டு கடலுக்குப் பயந்து சாவேன் என்று நான் நினைத்ததே இல்லை. என் கணவர் றிஸ்வியும், அவருடைய அண்ணன் நளீர் நானாவின் மகன் அஹ்னாபும், பங்குக்கு வாங்கிய மீன்பிடிப் படகில் ஒரு தடவை போய்ப் பார்க்கிறோம் என்று பேருவளைத் துறைமுகத்தில் ஏறினார்கள். வேண்டாம் என்றேன், யார் கேட்டார்கள்? தெற்கே ஆழ்கடலில் என்ஜின் பழுதாகி, படகு இழுபட்டுப் போகிறது என்று வயர்லெஸ்ஸில் ஒரே ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

அப்போது துறைமுகத்தில் நின்று அந்தச் செய்தியை வாங்கியவர் நளீர் நானா. பொறுக்க முடியாமல் பிலிமத்தலாவையில் இருக்கும் அவருடைய துணிக்கடைக்குப் போனேன். றிஸ்வி என்னதான் சொன்னார், ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

"கிழக்கு நீரோட்டம் இழுக்குது எண்டான். கிழக்கிலீந்து இழுத்தா மேக்காலதானே போவும்? கிழக்கால தேடப் போன போட்டயும் நேத்து நான்தான் மேக்கால திருப்பிவிட்டேன்."

என் புவியியல் வகுப்பில் பிள்ளைகள் வருஷா வருஷம் விடும் அதே பிழை. காற்றுக்கு அது வரும் திசையின் பெயர். நீரோட்டத்துக்கு அது போகும் திசையின் பெயர். அதுவும் இது ஜூன் மாதம். காற்று தென்மேற்கிலிருந்து தண்ணீரைத் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் நம் பக்கத்துக் கடலில் தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கமாகத் திரும்பும். கிழக்கே போகாமல் வேறெங்கே போகும்?

புத்தகத்தில் படித்ததை வைத்து உயிரோடு விளையாடாதே என்றார் நானா. வந்த கோபத்தில் போனைப் பிடுங்கித் துறைமுகத்துக்கு நானே பேசினேன். ஒரு படகுக்குத்தான் டீசல் மிச்சம், நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. நான் சொன்னது பிழையாகிப் போனால் படகில் இருக்கும் எல்லோரையும் நானே கொன்றவள் ஆவேன். யா அல்லாஹ் என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் அதே கடையில் போன் அடித்தது. கிழக்கே படகைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். நானா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். றிஸ்வியின் குரல் கம்மிப் போயிருந்தது.

"பஸீஹா, முந்தாநாள் ஒரு போட் எங்களுக்குக் கிட்ட வந்து, மேக்கால திரும்பிப் போயிட்டு. கத்தினோம், கேக்கல்ல. அஹ்னாப் அதப் பிடிக்க நீந்திப் போனான். வந்து சேந்துட்டானா?"

நானா என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரை நிறுத்தினேன்.