தாமதப் பெஞ்சு

பள்ளி விடுவது மூன்றரைக்கு. "இனிமே நாலேகாலுக்குத்தான் விடுவாங்களாம்பா" என்று அவள் அப்பாவிடம் கூசாமல் புளுகியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிற மனுஷர், மகள் கண்ணைப் பார்க்காமலே நம்பிவிட்டார்.

அந்தப் பெண்கள் பள்ளியில் அவள் வகுப்பு மொத்தமும் எல்.கே.ஜி.யிலிருந்தே ஒன்றாக வளர்ந்த கூட்டம். ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தவளை யாரும் சீண்டவில்லை, கேலி செய்யவில்லை. பேசவும் இல்லை. "இது உன் பேனாவா?" என்று ஒருத்தி கேட்டதையே மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

பிறகு ஒருநாள் ஸ்கூட்டர் பஞ்சராகி அப்பா வரத் தாமதமானது. அழைக்க ஆள் வராத பிள்ளைகள் ஆபீஸ் வாசல் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அங்கே எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா நர்ஸ். டியூட்டி முடிந்து வர நாலேகால் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா பையை நகர்த்தி இடம் விட்டாள். "உக்காரு, புதுசு" என்றாள். கணக்கு டீச்சர் தும்முவதை நடித்துக் காட்டினாள். அன்று இரவே அந்தப் புளுகு பிறந்தது.

ஆபீஸ் மேடத்தின் நோட்டு ஒன்று இருப்பதை அவள் யோசிக்கவில்லை. பத்து முறை தாமதமானால் பெற்றோருக்கு நேரில் டோஸ். பத்தாம் நாள் அப்பா மாட்டிக்கொண்டார்.

"மூணரைக்கு விடறோம் சார். குழந்தை தினமும் காத்துக் கிடக்குது."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஷூவைப் பார்த்தாள்.

"என் தப்புதான் மேடம்" என்றார்.

மறுநாள் மூன்றரைக்கு வரிசையில் முதல் ஆளாக அப்பா. பெற்றவர் வந்துவிட்டால் பிள்ளை ஒரு நிமிடம்கூட உள்ளே நிற்கக் கூடாது, அதுதான் பள்ளியின் சட்டம். பெஞ்சில் இடம் விட நகர்த்திய பையை அக்கா பழைய இடத்திலேயே வைப்பது கேட் கம்பி வழியே தெரிந்தது.

தெருமுனை தாண்டியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

"ஏம்மா அப்படிப் பொய் சொன்ன?"

"க்ளாஸ்ல என்கூட யாருமே பேச மாட்டாங்கப்பா. அந்த அக்கா மட்டும்தான்."

இத்தனை நாள் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் மூன்றரைக்கு வரிசையில் அப்பா இல்லை. அவள் பெஞ்சுக்குப் போனாள்.

"நேத்து எங்க ஓடிட்ட, புதுசு?" என்று அக்கா பையை நகர்த்தினாள்.

கேட் வழியே தெருமுனை தெரிந்தது. அங்கே ஸ்கூட்டர் மேல் அப்பா தனியாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலிலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மேடம் கண்ணில் பட்டுவிடக் கூடாதே.

நாலேகாலுக்கு ஓடிவந்தவர்போல மூச்சு வாங்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். மேடம் நோட்டைத் திறந்து வைத்து, கடை பெரிதா குழந்தை பெரிதா என்று ஒரு பிடி பிடித்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றார் அப்பா தலையைக் குனிந்துகொண்டு. "நாளைக்கும் கொஞ்சம் லேட்டாகும்."