நிறை ஒன்பது, குறை பதினொன்று

ஊர் உலகத்துக்கு இதனால் தெரிவித்துக்கொள்வது: குட்டியாத்துப்பட்டியில் பத்தொன்பது ஆண்டுகள் வணிகவியல் கற்பித்து, இரு மலைகளுக்கு நடுவே கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கைத் தன் ஒருவர் தோளில் தாங்கிவந்த முனைவர் இஞ்ஞாசி, இவ்வூரிலேயே நீடிப்பதா, கோயம்புத்தூருக்குப் பெயர்வதா என்ற முடிவை ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியிடுவார். அதுவரை மலைகள் தத்தம் இடத்தில் நிற்கலாம்.

அறிவிப்பு வெளியான இடம் சமையலறை. கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் மனைவி சகாயராணி மட்டும். பங்குப் பள்ளிக்கூடத்து டீச்சரான அவர் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அஞ்சரைக்குச் சொன்னா கோயம்புத்தூர் எந்திரிச்சு ஓடிருமா?"

"வெளையாடாத ராணி. இது வாழ்க்கைப் பிரச்சனை. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது."

செம்பட்டியில் இறங்கி மினி பஸ் மாறி, மலைப் பக்கமாக முக்கால் மணி நேரம் குலுங்கினால் வருகிற ஊர் அது. ஒரு சுயநிதிக் கல்லூரி, கல்லூரிக்காக ஒரு ஏடிஎம், ஏடிஎம்முக்காக ஒரு காவலாளி, காவலாளிக்காக ஒரு டீக்கடை என்று படிப்படியாக நாகரிகம் அடைந்திருந்தது. லீவு விட்டால் நாய்கள்கூட வேறு ஊருக்குப் போய்விடும்.

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று இஞ்ஞாசியை வேலைக்கு அழைத்துக் கடிதம் அனுப்பியிருந்தது. புதன்கிழமை சேர வேண்டும். சம்பளம் அதிகம்தான். ஆனால் அவர் மனம் சம்பளத்தில் இல்லை. இங்கே துறைத் தலைவர் பதவி இரண்டு முறை அவர் வாசல் வழியாக வந்து, அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது. கடைசி நேரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தால் பிரின்சிபால் மிக்கேல்ராஜ் பதறிப்போவார், கையைப் பிடித்துக்கொள்வார், பதவியை நீட்டுவார் என்பது அவர் கணக்கு. பதவிகூட அப்புறம். 'போகாதீங்க சார்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அதைக் கேட்காமல் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது என்ற நிலையில் இருந்தார்.

அதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியுமா? அவர் மூன்றாம் ஆண்டுக்கு 'முடிவெடுத்தல்' பாடம் நடத்துகிறவர். ஆகவே முழுநீளத் தாளில் கோடு கிழித்து, இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை என்று எழுதினார். நிறையில் ஒன்பது தேறின. அவற்றில் சில: சித்திரையிலும் விடிகாலைக்குப் போர்வை வேண்டும், வாடாத அவரைக்காய், கல்லூரிக்கு நடந்தே போகலாம், எல்லோருக்கும் என்னைத் தெரியும். குறையில் பதினொன்று. அவற்றில் சில: பல் வலித்தால் செம்பட்டி, பிடுங்க வேண்டுமென்றால் திண்டுக்கல், வீட்டு ஓட்டைக் குரங்கு பிரிக்கிறது, எல்லோருக்கும் என்னைத் தெரியும், பிரின்சிபால். கடைசிக்கு விளக்கம் எழுதவில்லை.

ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று அவரும் மனைவியும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு இரண்டு பிரதி தேவைப்பட்டது. சனிக்கிழமை காலை பொன்னுத்துரையின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

இங்கே ஒரு ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாட்களில் வாத்தியார் ஒருவர் தன் கையெழுத்தில் உள்ள தாளைக் கொண்டுவந்து, "ரொம்ப அந்தரங்கம், ரெண்டே காப்பி" என்று பொன்னுத்துரையிடம் சொன்னால், அது முக்கியக் கேள்வி என்று பொருள். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். தேர்ச்சி விகிதம் தொண்ணூறுக்குக் கீழே இறங்காமல் இருந்த ரகசியம் இதுதான். இஞ்ஞாசியே வருஷம் தவறாமல் இப்படி அந்தரங்கம் காத்தவர். திங்கட்கிழமை மாடல் பரீட்சை ஆரம்பம். 'முடிவெடுத்தல்' தாளைத் தயாரித்தவரும் அவர்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு இதெல்லாம் நினைவில்லை. மனம் கோயம்புத்தூரில் இருந்தது.

"ரெண்டு காப்பி. ரொம்ப அந்தரங்கம்" என்றார்.

"புரியுது சார்" என்றான் பொன்னுத்துரை. அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவரைக் காய்கறிக் கடை முன்னால் மூன்றாம் ஆண்டு தீபா மறித்தாள்.

"சார், ஒரு டவுட்டு. குறையில பல்லுப் பிடுங்குற பாயின்ட்டு இருக்குல்ல, அதுக்குப் படம் போடணுமா சார்?"

இஞ்ஞாசிக்குத் தன் பல்லே ஆடுவது போலிருந்தது. "அது யாரு குடுத்தா ஒனக்கு?"

"எல்லார்ட்டயும் இருக்கு சார். எதுக்கு சார் 'எல்லோருக்கும் என்னைத் தெரியும்' ரெண்டு பக்கமும் வருது? பிரிண்ட் மிஸ்டேக்கா?"

அவள் நகர்வதற்குள் வீட்டுக்காரர் கண்ணுசாமி வண்டியை ஓரங்கட்டினார். சம்பங்கித் தோட்டத்துக்காரர். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் எட்டிப் பார்த்தது.

"வாத்தியாரய்யா, கொரங்கு ஓட்டைப் பிரிக்குதுன்னு எழுதிருக்கீக. கொரங்க நானா வளக்குறேன்? அது மலைக்குச் சொந்தம். மலையில போயி எழுதிக் குடுங்க."

"அண்ணாச்சி, அது வந்து, பாடத்துக்காக எழுதுனது..."

"சரி, அத விடுங்க. என்னைக்குக் காலி பண்றீக? புதுசா வார வாத்தியாருக்கு வீட்டப் பேசிட்டேன். அவுக வீட்டுல வெள்ளையடிக்கச் சொல்றாக."

"நான் போறேன்னு யாரு சொன்னா?"

"கூரியர்காரன் எங்கன மலைக்குள்ள வாரான்? ஒங்க கவரு அஞ்சு நாளாப் பொன்னுத்துரை கடையிலதான கெடந்துச்சு. மேல கோயம்புத்தூர் காலேஜ்னு கொட்டை எழுத்துல போட்டுருக்கு. ஊரே கும்புட்டுட்டுப் போச்சு."

போகாதீங்க என்று கண்ணுசாமி சொல்வார் என இஞ்ஞாசி சற்று நேரம் காத்திருந்தார். கண்ணுசாமி வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

இன்னும் ஒருவர் பாக்கி இருந்தார். நாலு மணிக்கு இஞ்ஞாசி இஸ்திரி போட்ட சட்டையில் பிரின்சிபால் குடியிருப்புக்குப் போனார். மிக்கேல்ராஜின் மேஜையிலும் பட்டியல் கிடந்தது. குறை பதினொன்றுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

"வாங்க இஞ்ஞாசி சார். 'பிரின்சிபால்'னு ஒத்தை வார்த்தையில விட்டுட்டீங்களே. பத்து மார்க் கேள்விக்கு இம்புட்டுதானா பதில்?"

"சார், நான் போறதா இன்னும் முழுசா முடிவு பண்ணலை. துறையோட எதிர்காலத்தை நெனச்சா..."

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று மிக்கேல்ராஜ் இழுப்பறையைத் திறந்தார். தடையில்லாச் சான்று, கையெழுத்தும் முத்திரையுமாக இருந்தது. தேதி வெள்ளிக்கிழமை. "நீங்க கேக்கக் கூச்சப்படுவீங்கன்னு நாங்களே அடிச்சு வச்சிட்டோம். ஒட்டன்சத்திரத்துப் பையன் ஒருத்தன் வாரான். நல்ல பையன், பேச்சுக் கம்மி. நாளைக்கு ஹால் சூப்பர்விஷன் மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போங்க."

பிரின்சிபால் எழுந்து கையை நீட்டினார். இஞ்ஞாசி அதைப் பிடித்தார். பத்தொன்பது வருஷமாக அவர் மனக்கண்ணில் கண்ட காட்சியில் கை இருந்தது, பிடிப்பு இருந்தது. வசனம்தான் வேறு.

வீட்டில் சகாயராணி தன் பிரதியை முடித்து வைத்திருந்தார். இருபது வரிகளுக்கும் அஞ்சு, அஞ்சு என்று போட்டிருந்தார்.

"என்ன இது, எல்லாத்துக்கும் ஒரே மார்க்?"

"நான் யாரையும் ஃபெயிலாக்குறதில்லங்க."

ஆறு மணி ஆயிற்று. இஞ்ஞாசி கூடத்தின் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார். "நிறை குறைகளை நடுநிலையோட சீர்தூக்கிப் பாத்ததுல, கோயம்புத்தூர் போறதுன்னு நான் முடிவு பண்ணிருக்கேன்."

"வெங்கலப் பாத்திரத்தையெல்லாம் மத்தியானமே கட்டிட்டேன்" என்றார் சகாயராணி. "இந்தச் சாக்கோட அந்த முனையைச் செத்தப் பிடிங்க."

செவ்வாய்க்கிழமை போனார்கள். குட்டியாத்துப்பட்டியில் புதன்கிழமைப் பரீட்சை வழக்கம்போல் ஒன்பதரைக்குத் தொடங்கியது.