தலையாட்டி வென்ற சண்டை

“சண்டைக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனீ, இங்க வந்து சண்டைக்குப் பேர் குடுக்கிறியோ? உனக்கென்ன விசரோ?” என்று கேட்டார் டொறத்தி அக்கா. அகதி விடுதியில் அடுத்த அறைக்காரி. அவரும் மன்னார்தான், வாய் கொஞ்சம் நீளம்.

“இது செத்தவன் எழும்பிப் போய் பியர் குடிக்கிற சண்டை, அக்கா,” என்றான் வின்சன்ற்.

ஜேர்மனியில், வுப்பர்டாலிலிருந்து அரைமணி நேர பஸ் தூரத்தில், விடுதி இருந்த அந்தச் சின்ன ஊர். முன்னூற்றைம்பது வருடங்களுக்கு முன் சுவீடன் படையிடம் தோற்ற ஊராம். தோற்றதையும் கொண்டாட்டமாக்கி, கோடைதோறும் வேடம் கட்டி அதே சண்டையைப் போட ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். என்ன சனமோ! வின்சன்றுக்கு வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்டம் தாண்டவும் அனுமதியில்லை. வந்து இரண்டு வருடமாகியும் தெருவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு சீவன் கிடையாது. சங்கத்தில் சேர்த்துக்கொண்டால் தானும் அந்த ஊரில் ஓர் ஆளாகிவிடலாம் என்று கிடந்து தவித்தான்.

சங்கத் தலைவர் கிறூகர் இறைச்சிக்கடைக்காரர். சண்டையில் அவர்தான் சுவீடன் தளபதி. ஒத்திகைகளில் அவர் வின்சன்றுக்குக் கொடுத்த வேலை, முதல் வெடிக்கே சாவது. பாவம், இரண்டு மாதமாகப் புல்லில் செத்துக்கிடந்து எறும்புக்கடி வாங்கினான்.

விழாவன்று காலை கோட்டைவாசல் காவலனாக நடிப்பவருக்குக் காய்ச்சல். கிறூகர் தேடிப்பிடித்தது வின்சன்றை.

“உனக்கு வசனம் இல்லை. நகரை ஒப்படைக்கிறாயா என்று கேட்பேன். ஆம் என்று தலையை ஆட்டிச் சாவியைக் கொடு. சரியாகச் செய்தால் பின்னேரம் சங்கக் கூட்டத்தில் உன்னைச் சேர்க்க நானே கை தூக்குவேன். குழப்பினால் இந்தப் பக்கம் வராதே.”

பின்னே என்ன, பீரங்கி முழங்கியது. ஊரவர் வழக்கம்போல விழுந்து செத்தார்கள். கிறூகர் குதிரையில் வந்து வாசலில் நின்று கர்ச்சித்தார்: “நகரை ஒப்படைக்கிறாயா?”

ஆயிரம் கண்கள். வின்சன்ற் அரைமுழச் சாவியைப் பிடித்தபடி, மன்னாரில் ஓமென்று ஆட்டுகிற மாதிரியே, தோளுக்குத் தோள் வடிவாகத் தலையை ஆட்டினான்.

கிறூகரின் வாய் திறந்தபடி நின்றது. அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று வின்சன்ற் இன்னும் பலமாக ஆட்டினான்.

“மாட்டேன் என்கிறான்!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். பக்கவாட்டில் ஆடினால் ஜேர்மன்காரனுக்கு அது மறுப்பல்லவா! அவ்வளவுதான். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. செத்துக்கிடந்தவர்கள் எல்லாம் உயிர்த்தெழுந்து வைக்கோல் அள்ளுகிற நீளக்கம்பு முள்ளுகளோடு பாய்ந்தார்கள். தளபதியின் குதிரை மிரண்டு, அவரையும் சுமந்துகொண்டு சோளக்காட்டுக்குள் ஓடியது. கோயில் மணியை எவனோ அடித்தே விட்டான்.

“ஐயோ மாதாவே, குழப்பிப்போட்டானே!” என்று, வேடிக்கை பார்க்க வந்திருந்த டொறத்தி அக்கா தலையில் கைவைத்தார். வின்சன்ற் சாவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். எல்லாம் முடிந்தது, இனி எறும்புக்கடிகூட இல்லை.

சோளச் சருகு ஒட்டிய மீசையோடு கிறூகர் நடந்து வந்தார்.

“முன்னூற்றைம்பது வருடமாகத் தோற்கிறோம். ஒருவனுக்கும் மாட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லையே!” என்றவர் தன் இறகுத் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தார். “வின்சன்ற், எங்களோடு சேருகிறாயா?”

ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தலை பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் சாயப் பார்த்தது.

“டேய், மேலையும் கீழையும் ஆட்டடா!” என்று கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினார் டொறத்தி அக்கா.

தொப்பி கழன்று விழும்வரை, மேலும் கீழுமாக ஆட்டினான் வின்சன்ற்.