பதினெட்டு கிலோமீட்டருக்கு மேலே

சியாசிக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஆறவில்லை. தெற்கே தலைமை ஆபீஸிலிருந்து வந்த பட்டியலில், மார்ச் ஐந்தாம் தேதி அவள் அனுப்பிய அளவுகளுக்கு நேராக 'சந்தேகத்துக்குரியது' என்று போட்டிருந்தார்கள். பதினெட்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய ஓசோனில் பாதியைக் காணோம் என்று அவள் பலூன் சொல்லியிருந்தது. இவள்தான் கருவியை ஒழுங்காகத் தயார் பண்ணவில்லை என்று மேலதிகாரி டன்கன் முடிவு கட்டிவிட்டான். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிச் சூடான அறையில் உட்கார்ந்து காபி குடிப்பவனுக்கு முடிவு கட்ட என்ன கஷ்டம்?

வடதுருவப் பக்கத்துப் பனியூரான சிக்குவாக்கின் வானிலை நிலையத்தில் பதினோரு வருஷமாக பலூன் விடுகிறவள் அவள். காலை ஆறே காலுக்கு ஒன்று, மாலை ஆறே காலுக்கு ஒன்று. அவளுக்குக் கல்யாணம் ஆன அன்றைக்குக்கூட இரண்டும் நேரத்துக்குப் போயின. அப்படிப்பட்டவள் வேலையில் சந்தேகமாம்.

அதே இடத்தை மறுபடி அளந்து காட்டாமல் விடுவதில்லை என்று கச்சை கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அதற்குப் பிறகு ஓசோன் கருவியோடு போன மூன்று பலூனும் பதினாலு கிலோமீட்டரிலேயே வெடித்துத் தொலைந்தன. மேலே மைனஸ் எண்பது டிகிரிக்கும் கீழான குளிர், ரப்பர் விறைத்துப்போகிறது. பலூனை எண்ணெயில் முக்கி, கணப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பதமாக்கித்தான் அனுப்பினாள். அப்படியும் வெடித்தன. இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு கருவி. அடுத்தது ஏப்ரல் கடைசியில்தான் விமானத்தில் வரும். அதற்குள் தலைக்கு மேலே சுழன்று ஓசோனைக் கரைக்கிற குளிர்காற்று நகர்ந்து போய்விடும். நாளைக்கே நகரலாம் என்றது முன்னறிவிப்பு. இன்றைக்கு விட்டால் உண்டு, இல்லையென்றால் அந்த வார்த்தை காலத்துக்கும் அவள் பேருக்கு நேராக நிற்கும்.

மத்தியானம் சாப்பிடாமல் பழைய பதிவுகளைப் புரட்டினாள். மூன்று நாளும் பலத்த காற்று. கருவி தரையில் மோதிவிடக் கூடாதே என்று மூன்று தடவையும் வாயுவைக் கூட்டிப் பிடித்திருக்கிறாள். மூன்றும் விறுவிறுவென்று ஏறி, சீக்கிரம் உப்பி, சீக்கிரம் கிழிந்திருக்கின்றன. மார்ச் ஐந்தாம் தேதி காற்றே இல்லை. அளவோடு பிடித்த பலூன் நிதானமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அட, கீழே இருக்கிற காற்றுக்குப் பயந்து மேலே இருக்கிற உயரத்தைக் கோட்டைவிட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஐந்தரை மணிக்கு வாயுக் கொட்டகையில் ஈனுசிக் காத்திருந்தார். ஜெனரேட்டர் பார்க்கிறவர், ஐம்பத்தெட்டு வயசு. அவருடைய செத்துப்போன அத்தையின் பேரைத்தான் சியாசிக்கு வைத்திருந்தார்கள். பேர் யாருடையதோ உறவும் அவருடையதே என்பது ஊர் வழக்கம். அதனால் முப்பத்துமூன்று வயசுக்காரி அவருக்கு அத்தை.

"வெளியில காத்து பேயாட்டம் ஆடுது அத்தை. நீங்க வேற பலூனைச் சூம்பலாப் புடிக்கச் சொல்றீங்க."

"சொன்னதைச் செய் மருமகனே. அஞ்சாந்தேதி எவ்வளவு புடிச்சோமோ அவ்வளவுதான்."

"பொட்டி தரையில மோதுமே?"

"மோதாது. நான் தூக்கிட்டு ஓடப்போறேன்."

"என் அத்தை உசிரோட இருந்தப்பவே ஓடி நான் பாத்ததில்ல. இப்ப ஓடுறாங்களாம்."

போன் அடித்தது. டன்கன்.

"சியாசி, அங்க காத்து பலமா இருக்கே. கையேட்டுல இருக்கறபடி வாயுவைக் கூட்டிடு."

"கூட்டித்தான் மூணையும் தொலைச்சேன். இன்னிக்குக் கூட்டலை."

"கடைசிக் கருவிம்மா அது. உடைஞ்சா உன் பொறுப்பு."

"என் பொறுப்புதான். எழுதி வச்சுக்கங்க," என்று போனை வைத்தாள். வாயுவைக் கூட்டவில்லை.

ஆறே காலுக்கு ஈனுசிக் கதவைத் திறந்து பலூனோடு வெளியே வந்தார். காற்று போகிற பக்கமாக முன்கூட்டியே போய், பலூனோடு நீளக் கயிற்றால் கட்டிய கருவிப் பெட்டியைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள் சியாசி. அவர் கையை விட்டார். பலூன் மேலே போகாமல் பக்கவாட்டில் சரிந்து அவளை நோக்கி வந்தது. அவள் திரும்பி ஓட ஆரம்பித்தாள். விமான ஓடுபாதை விளக்குகளைத் தாண்டி, உறைபனி மேட்டைத் தாண்டி ஓடினாள். பலூன் அவளை முந்தியது. கயிறு இன்னும் தொய்வாகவே இருந்தது. ஏறு, ஏறித் தொலை என்று மூச்சிரைக்கத் திட்டினாள். ஒரு கால் பனிக்குள் முழங்கால்வரை புதைந்தது. விழுந்தாள். பெட்டியை மட்டும் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாள். அந்த நொடியில் கயிறு விறைத்து, பெட்டி அவள் கையை விட்டுக் கிளம்பியது.

நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. நொண்டிக்கொண்டே போய்க் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பலூன் ஒன்பது கிலோமீட்டர் தாண்டியது. மேகமும் பனிப்புயலும் கும்மாளம் போடுகிற கீழடுக்கு அதோடு முடிந்தது. இனி ஈரமில்லாத, அமைதியான மேலடுக்கு. ஓசோன் குடியிருக்கிற இடம். பன்னிரண்டு. பதினாலு. ஈனுசிக் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். பதினாலே கால். பதினைந்து. மூன்று பலூனும் வெடித்த உயரம் தாண்டியாயிற்று.

பதினேழில் டன்கன் போனில் வந்தான். அவன் திரையிலும் அதே எண்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பதினெட்டில் ஓசோன் கோடு பாதிக்குக் கீழே இறங்கியது. பத்தொன்பதில் இன்னும் இறங்கியது. இருபத்திரண்டுக்கு மேல்தான் பழையபடி நிமிர்ந்தது. இருபத்தேழில் பலூன் வெடித்தது.

"உன் வேலையில தப்பில்லை சியாசி," என்றான் டன்கன். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். அந்த வார்த்தையை இன்னிக்கே எடுத்துடறேன்."

இந்த நேரத்துக்கென்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தாள். சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

"ஜெயிச்சாச்சே அத்தை. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"இத்தனை நாளா நான் சொன்னது சரின்னு நிரூபிக்கணும்னே அலைஞ்சேன். சரியா இருந்தா என்ன அர்த்தம்னு யோசிக்கவே இல்ல. நம்ம தலைக்கு மேல, வெயிலோட விஷத்தைத் தடுக்கிற போர்வை நைஞ்சு கெடக்கு மருமகனே. நான் தப்பா இருந்திருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும்."

ஏப்ரலில் வெயில் ஏறும். ஊரே பிள்ளைகுட்டியோடு கடல்பனிமேல் கூடாரம் போட்டு வாரக்கணக்கில் தங்கும். கீழே வெயிலைத் திருப்பியடிக்கிற பனி, மேலே சூரியன். அவள் புருஷன் லூக்கசி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக இப்போதே சறுக்குவண்டியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான்.

தெற்கிலிருந்து எச்சரிக்கைத் தாள் வர எத்தனை வாரம் ஆகுமோ. சியாசி கோட்டை மாட்டிக்கொண்டு நேராக ஊர் ரேடியோ அறைக்குப் போனாள். தொலைந்த நாயைத் தேடுவதற்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் யார் வேண்டுமானாலும் பேசுகிற மைக் அது.

"நான் பலூன் சியாசி பேசறேன். இந்த வருஷம் மேலே ஓசோன் கொறைஞ்சிருக்கு. அது திரும்பச் சேர நாளாகும். முகாமுக்குப் போறவங்க கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடணும், முகத்தை மூடணும். பெரியவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

உடனே யாரோ ஒருத்தர் போனில் வந்தார். "உன் கணக்கைத் தெக்கே நம்பலையாமே சியாசி?"

"இன்னிக்கு ரெண்டாவது தடவை அளந்துட்டேன். அவங்களும் கூடவே உக்காந்து பாத்தாங்க. நம்பாதவங்க நாளைக்கு நிலையத்துக்கு வாங்க, திரையில காட்டறேன்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "லூக்கசி, நீ கேட்டுட்டிருக்கேன்னு தெரியும். பிள்ளைங்க கண்ணாடியைக் கழட்டினா, எவ்வளவு அழுதாலும் சரி, கூடாரத்துக்குள்ள அனுப்பிடு."

அதையே முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்ல ஆரம்பித்தாள்.