டேப்பின் மறுமுனை

விடியுமுன்பே கலவை இயந்திரம் கரகரவென்று சுற்றத் தொடங்கிவிட்டது. மந்தைவெளிக் கால்வாய்க் கரையில் பறக்கும் ரயிலுக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்தது. கபாலி சும்மாட்டை அழுத்தி வைத்துக் கலவைச் சட்டியைத் தூக்கினான். சிமெண்டுத் தண்ணீர் கழுத்தில் வழிந்து பழைய புண்ணில் எரிந்தது.

அடுத்த தூண் அவன் குடிசை இருக்கும் இடத்தில்தான் வரப்போகிறது. கரையோரக் குடிசைக்காரர்களை வேளச்சேரிக்கு அனுப்பப் போகிறார்களாம். வீட்டில் தினமும் இதே சண்டை.

"மனை குடுக்குறாங்களாம். போய்க்கினே இருக்கலாம்" என்பான் கபாலி.

"அந்தச் சேத்துலேர்ந்து விடிகாலைல மாட வீதிக்கு எப்டி வந்து பாத்திரம் தேய்க்கிறது? என் வேலையெல்லாம் பூடும்" என்பாள் அஞ்சலை.

கடைசியில் இருவரும் மகள் முண்டகக்கண்ணியிடம் திரும்புவார்கள். "நீ சொல்லு கண்ணி, யாரு சொல்றது ஞாயம்?" பாவம், அந்தச் சின்னப்பெண் சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று ஒப்பந்தக்காரர் கஸ்தூரிரங்கன் குடிசைகளை அளக்க வந்து, டேப்பின் ஒரு முனையை நீட்டினார். வேலையாட்களில் பாதிப் பேர் அதே குடிசைக்காரர்கள். ஒருவனும் கை நீட்டவில்லை.

"ஏன்யா, எவனுக்கும் கை இல்லையா? கபாலி, நீ பிடி. நாளைக்கும் வேலை வேணுமில்ல?"

தான் பிடித்தால் குடிசைச் சனம் காறித் துப்பும். பிடிக்காவிட்டால் பிழைப்பு போகும். குழந்தை பிடித்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? எப்படிக் கணக்குப் போட்டான் பாருங்கள்!

"கண்ணி, ஓடியா. சாருக்கு டேப்பு புடி."

கண்ணிக்கு ஒரே குஷி. தளரவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஓடினாள். தன் வீட்டு வாசலிலும் நின்று பிடித்தாள்.

வேலை முடிந்து வந்த அஞ்சலைக்கு வழியிலேயே சேதி தெரிந்துவிட்டது. "யாருடி உன்னப் புடிக்கச் சொன்னது?"

கண்ணி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "யாரும் சொல்லலம்மா. நானாத்தான் புடிச்சேன்."

பளாரென்று விழுந்தது அறை. அழாமல் நின்ற பிள்ளையைப் பார்க்கையில் கபாலியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவள அடிக்காத அஞ்சல. நான்தான் சொன்னேன். எனக்குத் தில்லு இல்ல, அதான் புள்ளைய நிறுத்துனேன்."

அஞ்சலை கண்ணியை இழுத்து அணைத்துக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இருட்டுவதற்குள் ஒவ்வொரு வாசலாகப் போய், "தப்புப் பண்ணிட்டேன்பா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை கலவை தயாரானதும் கபாலி சட்டியைக் கவிழ்த்து வைத்தான்.

"டேய், கலவை இறுகிடும்டா! தூக்கு!" கத்தினார் கஸ்தூரிரங்கன்.

"இறுகட்டும் சார். ரயிலு வாணாம்னு சொல்லல. எங்க வூட்டுப் பொம்பளைங்க வேலைக்கு நடந்து போற தூரத்துல எடம் குடுக்கச் சொல்லு. அப்பால தூண் வையி."

"உன்னை அனுப்பிட்டு வேற ஆளைப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

கம்பி கட்டும் ஷஃபியுல்லா குறடைக் கீழே போட்டான். "என்னையும் சேத்து அனுப்பு சார்." சித்தாள் பெண்கள் சும்மாட்டை அவிழ்த்து உதறிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். கபாலியும் உட்கார்ந்தான்.

கஸ்தூரிரங்கன் போலீசைக் கூப்பிடப் போனார். என்ன ஆகுமோ, யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகாமல் அஞ்சலை வந்து கபாலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணி தயங்கி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கக் கபாலிக்கு இன்னும் கூசியது. தலையைக் குனிந்தபடியே சற்று நகர்ந்து இடம் விட்டான். கண்ணி வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.