பதினான்கு வயது மாமியார்

1

டாஃப்னி அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இந்தக் கதையின் பிறப்பு அவ்வளவுதான்.

தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் வடகோடி, ஒரு கடை, ஒரு மருத்துவ நிலையம். அங்கே நான் நர்ஸ். இந்த மண்ணின் ஆதிக்குடி டாஃப்னி. வந்த புதிதிலேயே என்னைத் தங்கையாக்கிக்கொண்டாள். அவள் மகள், பதினான்கு வயது டெலிஷாவுக்கு நான் சித்தி. இங்கே உறவுமுறை இல்லாமல் யாரும் யாரோடும் பேச முடியாது. தமிழர்களான நமக்குத் தெரியாததா என்ன?

இந்தக் கதைக்கு நான் எழுதி அடித்துப்போட்ட தொடக்கங்களில் ஒன்று மட்டும் கிடக்கட்டும்: 'நீலக் கடலின் நடுவே, காலம் தீண்டாத ஒரு...'

(சீ! அது விருந்தாளிகள் எழுதுகிற வரி.)

2

விருந்தாளிகள் தெற்கேயிருந்து வந்த பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அகலத் தொப்பி, மூக்கில் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு. ஒரு வாரம் எங்களோடு 'கலந்து வாழ' வந்தார்கள். கூட்டி வந்தவர் பிரெண்டன் என்கிற வாத்தியார்.

டாஃப்னி ஆமைக்கறியை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "கலந்து வாழ வந்தவன் எதுக்குடி என் மகள புத்தகம் வாசிக்க வச்சுக் கேக்குறான்?"

"சும்மா கேட்டிருப்பாருக்கா."

"ரெண்டு தடவையா சும்மா? மத்த புள்ளைங்கள கேக்கல. என் புள்ள மேலதான் கண்ணு. புள்ளைய பொறுக்கி எடுத்துட்டுப் போக வந்திருக்கான்."

டாஃப்னியின் பெரியம்மாவை, சிறுபெண்ணாக இருந்தபோது, 'படிக்க வைக்கிறோம்' என்று வெள்ளைக்காரர்கள் படகில் ஏற்றிப் போனார்கள். அவள் திரும்பவேயில்லை. அதனால் இந்த வீட்டில் படிப்பு என்று யாராவது கனிவாகச் சொன்னாலே வயிறு எரியும்.

(பிரெண்டன் நல்லவராக இருந்தால்? ஒரு பத்தி அப்படியும் எழுதிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் அவரே தட்டுக் கழுவினார், கொசுக்கடிக்குப் புலம்பவில்லை, டாஃப்னியின் நாய்க்குக்கூட வணக்கம் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனால் பெரியம்மாவை ஏற்றிப் போனவர்களும் நல்லவர்கள்தானாம். பத்தியை அடித்துவிட்டேன்.)

3

வாத்தியாரே வந்து மாட்டினார். "எனக்கும் ஒரு உறவு குடுப்பீங்களா?" என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். டாஃப்னியே அண்ணன், தம்பி என்று எடுத்துக்கொள்வாள். இந்த முறை கடைக்கார ரோண்டாவை முன்னே தள்ளினாள். டெலிஷாவுக்கு அத்தை மகள் ரோண்டா.

"நீ எடுத்துக்கோடி. மகனா!"

"ஐயே, எனக்கும் இவனுக்கும் ஒரே வயசு, அத்த!"

"தாடி வச்ச குழந்தை. வளக்குற செலவு மிச்சம், எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டாள். அந்தக் கணமே தீவின் முறைப்படி டெலிஷா அவருக்கு மாமியார் ஆகிவிட்டாள்.*

டாஃப்னி பொறுமையாக விளக்கினாள்: "இனிமே நீ அவ மொகத்தப் பாக்கக் கூடாது, அவகிட்ட பேசக் கூடாது, பேரச் சொல்லக் கூடாது. எங்ககிட்ட இதவிடப் பெரிய மரியாதை கெடையாது."

வாத்தியார் கண்கலங்கித் தலையாட்டினார். டெலிஷா பழக்கத்தில் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் டாஃப்னி சிரித்தாள்.

* எப்படி என்று கேட்காதீர்கள். அத்தை மகளுடைய மகன் மருமகன் முறை, அவ்வளவுதான். இங்கே பொய் உறவு என்று ஒன்று கிடையாது. டாஃப்னி ஏமாற்றவில்லை, இருக்கிற பூட்டுகளில் ஒன்றை எடுத்துப் பூட்டினாள்.

4

பிரெண்டன் முறையை அட்சரம் பிசகாமல் காத்தார். டெலிஷா கடைக்குள் வந்தால் இவர் பின்கதவு வழியே ஓடுவார். நம் ஊர் மாப்பிள்ளைகளுக்கு இதில் கால்வாசி பயம் இருந்தால்கூடப் போதும். அவர்கள் கிளம்பும் முன்னாலேயே நானும் நிம்மதியாக ஒரு முடிவு எழுதிவைத்தேன்: 'விமானம் கிளம்பியது. தாய் ஜெயித்தாள்.'

மறுநாள் டெலிஷா மருத்துவ நிலையத்துக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவர் கேக்கல சித்தி. வாசிச்சுக் காட்டவான்னு நான்தான் கேட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும். அப்புறம்தான், எங்க பள்ளிக்கூடத்துல தங்கிப் படிக்க வர்றியான்னார். நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா அவர எனக்கு மருமகனாக்கிட்டாங்க."

(இதை யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ? பாருங்கள், பெற்ற பிள்ளை மாதிரி இருப்பவளையே சந்தேகப்படுகிறேன். எனக்கு இந்தக் கதையைப் பிடிக்காமல் போனது இங்கேதான்.)

5

விமானத்திடல். பிள்ளைகள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். பிரெண்டன் படியருகே எங்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார். டெலிஷா அவருக்கு முதுகு காட்டி என் பக்கத்தில் நிற்கிறாள். மாமியாருக்கும் மருமகனுக்கும் பேச வேண்டியது வந்தால், நடுவில் ஒரு ஆள் நின்று வார்த்தையைக் கைமாற்றலாம். அதற்கு முறையில் இடம் உண்டு.

"சித்தி, அவர்கிட்ட சொல்லுங்க. நான் வரேன்னு. அடுத்த வருஷம், கட்டாயம்."

வண்டியில் சாய்ந்திருந்த டாஃப்னிக்கும் கேட்டது. "சொல்லாதடி," என்றாள். கத்தவில்லை. இதற்கு முன் என்னிடம் அவள் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று பிரெண்டன் திரும்பாமல் கேட்டார்.

நான் வாயைத் திறந்து, 'அவள்

முடியவில்லை. இந்த வாக்கியத்தைப் பலமுறை எழுதிவிட்டேன். சொன்னால் எனக்கு அக்கா இல்லை. சொல்லாவிட்டால், படகில் ஏற்றிப்போகாமலே அந்தப் பெண்ணின் வாழ்க்கையை நான் பறித்துக்கொண்டவள் ஆவேன்.

டெலிஷா சொன்னது இப்போது உங்களுக்கும் தெரியும். நடுவில் நிற்பது நீங்கள்தான். விமானம் உறுமுகிறது, வாத்தியார் திரும்பாமல் மறுபடி கேட்கிறார்: "என்ன சொன்னாங்க?"